புராஸ்டேட் புற்றுநோய் செல் லைன்கள்: கல்ச்சர் அறைக்குப் புதிதாக வருபவருக்கு

ஆய்வுக்கூடத்தில் எனக்கு முதன்முதலாகக் கிடைத்த 'அருமையான முடிவு' பொய். எல்.என்.கேப் என்ற புராஸ்டேட் புற்றுச் செல்களை 96 குழித் தட்டில் போட்டேன், மருந்து கொடுத்தேன், நான்கு நாள் கழித்து உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவி உயிருள்ள செல் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் எம்.டி.டி. சோதனை செய்தேன். மருந்தின் அளவு ஏற ஏற செல் எண்ணிக்கை படிப்படியாக இறங்கியது. வரைபடம் அவ்வளவு அழகு. அதை எடுத்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஆய்வாளரிடம் ஓடினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "கழுவினியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ செல் செத்துச்சா, சிங்க்ல போச்சா?"

மறு வாரம் கழுவாமல் செய்து பார்த்தேன். பாதி விளைவு காணாமல் போனது. எல்.என்.கேப் செல்கள் பிளாஸ்டிக்கைச் சும்மா தொட்டுக்கொண்டுதான் இருக்கும். மருந்து அந்தப் பிடியை இன்னும் கொஞ்சம் தளர்த்தியிருந்தது, அவ்வளவுதான். மிச்ச வேலையை என் பிப்பெட் செய்துவிட்டது.

இந்தக் குறிப்பை அதனால்தான் எழுதுகிறேன். செல் லைன் என்பது ஒரு மனிதரின் திசுவிலிருந்து எடுத்து, பிளாஸ்க்கில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் பரம்பரை. ஒவ்வொரு செல் லைனுக்கும் ஒரு குணம் உண்டு. அந்தக் குணம் தெரியாமல் சோதனை செய்தால், நமக்குக் கிடைப்பது நோயைப் பற்றிய பதிலா, செல்லின் குணத்தைப் பற்றிய பதிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் கேள்வி, அப்புறம் செல்

புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக என்னிடம் கேட்பது: "எந்த செல் லைன் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது: "உங்கள் கேள்வியில் ஆண்ட்ரோஜன் வருகிறதா?"

புராஸ்டேட் சுரப்பி ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனை நம்பி வாழ்கிற திசு. அதில் வரும் புற்றுநோயும் பெரும்பாலும் அப்படித்தான். ஆண்ட்ரோஜனைக் குறைத்தால் நோய் அடங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய சிகிச்சையும் அந்த வழியில்தான் போகிறது. சிக்கல் என்னவென்றால், கொஞ்ச காலத்தில் பல நோயாளிகளுக்கு நோய் மீண்டும் தலைதூக்கும். அப்போதும்கூட அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில், ஆண்ட்ரோஜனைப் பிடித்துச் செல்லை இயக்கும் புரதமான ஆண்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது.

ஆகவே செல் லைன்களை முதலில் இரண்டு கூடையில் போடுங்கள். ஆண்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை: எல்.என்.கேப், அதன் வழிவந்த சி4-2, வி.கேப், 22ஆர்.வி.1. ஏற்பியை நம்பி வாழாதவை: பி.சி.-3, டி.யு.-145. இரண்டாவது கூடையில் உள்ளவை, புராஸ்டேட் செல்லின் அடையாளமான பி.எஸ்.ஏ. புரதத்தையும் சுரப்பதில்லை. ஹார்மோன் மருந்து பற்றிய கேள்விக்கு அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்வது, செவி கேளாதவரிடம் பாட்டுக்கு மதிப்பெண் போடச் சொல்வது மாதிரி.

ஆனாலும் அந்த இரண்டும்தான் எங்கும் கிடக்கின்றன. களைச்செடி மாதிரி வளரும், உருக்கினால் மறுநாளே ஒட்டிக்கொள்ளும், கழுவினால் அசையாது. அவற்றின் புகழில் பாதிக்கு இந்தச் சவுகரியம்தான் காரணம் என்பது என் கருத்து.

எல்.என்.கேப்: கோபக்காரக் குழந்தை

1977இல், 50 வயது மனிதர் ஒருவரின் இடது கழுத்தெலும்புக்கு மேலிருந்த நிணநீர் முடிச்சிலிருந்து எடுத்தது. ஆண்ட்ரோஜன் ஏற்பி உண்டு, பி.எஸ்.ஏ. உண்டு, புராஸ்டேட் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. புரதமும் ஏராளம். பி.எஸ்.எம்.ஏ.வை முதலில் அடையாளம் காட்டிய எதிர்ப்புரதமே (ஆன்டிபாடி) இந்தச் செல்களை வைத்துத்தான் உருவாக்கப்பட்டது. இன்று நோயாளிகளின் உடலில் புற்றைத் தேடும் பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனுக்கு வேர் அங்கே இருக்கிறது.

இதன் ஆண்ட்ரோஜன் ஏற்பியில் ஒரு கோளாறு உண்டு. 877ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் இருக்கிறது. புதிய எண்ணிக்கையில் அதே இடத்தை 878 என்று எழுதுகிறார்கள். கட்டுரைகளில் இரண்டையும் பார்ப்பீர்கள், குழம்ப வேண்டாம். இந்த மாற்றத்தால் ஏற்பியின் பூட்டு தளர்ந்துவிட்டது. ஆண்ட்ரோஜன் மட்டுமல்லாமல் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்று எந்தச் சாவி போட்டாலும் திறக்கும். ஏற்பியை அடைக்க வேண்டிய ஃபுளூட்டமைடு மருந்தின் செயல்வடிவம்கூட இதில் ஏற்பியைத் தூண்டிவிடும். நோயாளிகளிலும் இதே மாற்றம் காணப்பட்டிருப்பதால் இதை வெறும் ஆய்வுக்கூட விசித்திரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் உங்கள் மருந்து எல்.என்.கேப்பில் வினோதமாக நடந்துகொண்டால், முதல் சந்தேகம் இந்த மாற்றத்தின்மேல்தான் வர வேண்டும்.

வளர்ப்பு முறைக்கு வருவோம். ஆர்.பி.எம்.ஐ.-1640 மீடியம் (செல் வளரும் சத்துத் திரவம்), 10 சதவீதம் மாட்டுக்கரு சீரம், 37 டிகிரி, 5 சதவீத கரியமில வாயு. இதுவரை எல்லாம் வழக்கம்தான். இனிமேல்தான் பொறுமை வேண்டும். உருக்கிப் பிளாஸ்க்கில் போட்ட பிறகு 48 மணி நேரம் தொடாதீர்கள். இன்குபேட்டர் கதவைத் திறந்து "ஒட்டிக்கொண்டதா?" என்று பிளாஸ்க்கை எடுத்து ஆட்டிப் பார்ப்பதுதான் ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம். மீடியம் மாற்றும்போது பிளாஸ்க்கைச் சாய்த்து, செல் இல்லாத மூலையிலிருந்து மெதுவாக உறிஞ்சுங்கள். புது மீடியத்தை எதிர்ச் சுவரில் வழிய விடுங்கள். நான் பெரும்பாலும் பாதி மீடியத்தை மட்டுமே மாற்றுவேன்.

மற்ற செல்கள் மாதிரி இது தரை முழுக்கப் பாய் விரித்தாற்போல வளராது. கொத்துக் கொத்தாக, நடுநடுவே வெற்றிடம் விட்டுத்தான் வளரும். தரை நிறையட்டும் என்று காத்திருந்தால் கொத்துகள் மேலெழும்பி மிதக்க ஆரம்பித்துவிடும். மீடியமும் சீக்கிரம் மஞ்சளாகும். செல் குறைவாக இருக்கும்போதே மஞ்சளானால் பதற வேண்டாம், இதன் சுபாவம் அது. பிரிக்கும்போது, செல்லைத் தரையிலிருந்து கழற்றும் ட்ரிப்சின் நொதியை ஊற்றிவிட்டுப் போன் பார்க்கப் போகாதீர்கள், ஓரிரு நிமிடத்தில் கழன்றுவிடும். அப்புறம் பிப்பெட்டால் மெல்ல ஏற்றி இறக்கிக் கொத்துகளை உடைக்க வேண்டும். ஒரு பிளாஸ்க்கை மூன்றாகப் பிரித்தால் போதும். பேராசைப்பட்டு ஒன்றைப் பத்தாகப் பிரித்தால் வாரக்கணக்கில் தூங்கும்.

குழித் தட்டில் சோதனை செய்வதாக இருந்தால் செல் ஒட்டிக்கொள்ள உதவும் பாலி-லைசின் பூசிய தட்டை எடுங்கள். கழுவத் தேவையில்லாத, மீடியத்தோடேயே சேர்க்கிற வகைச் சோதனையைத் தேர்ந்தெடுங்கள். எம்.டி.டி.தான் செய்ய வேண்டும் என்றால், மீடியத்தை எடுக்கும் முன் தட்டோடு சென்ட்ரிஃபியூஜில் மெதுவாகச் சுற்றுங்கள். எது செய்தாலும் கழுவுவதற்கு முன்பும் பின்பும் நுண்ணோக்கியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். என் கதை உங்களுக்கு நேராமல் இருக்க அந்த இரண்டு படம் போதும்.

பி.சி.-3, டி.யு.-145

இவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, தாமாகவே வளரும். பி.சி.-3 ஒரு 62 வயதுக்காரரின் முதுகெலும்புக்குப் பரவிய புற்றிலிருந்து வந்தது, 1979இல் வெளியானது. டி.யு.-145 மூளைக்குப் பரவியதிலிருந்து, 1978. இவற்றோடு எல்.என்.கேப்பையும் சேர்த்தால் மூன்றும் பரவிய புற்றுகள். முதல் கட்டியிலேயே அடங்கிக் கிடக்கும் தொடக்க நிலை நோயைப் பற்றி இவற்றிடம் கேட்டால் பதில் கிடைக்காது.

இரண்டும் பயன்படுகிற இடம் ஒப்பீடு. பி.டி.ஈ.என். என்ற கட்டுப்பாட்டு மரபணு எல்.என்.கேப்பிலும் பி.சி.-3இலும் செயலிழந்தது, டி.யு.-145இல் இருக்கிறது. பழுதான செல்லைச் சாக வைக்கும் பி-53 மரபணு எல்.என்.கேப்பில் இயல்பாக இருக்கிறது, பி.சி.-3இல் அறவே இல்லை, டி.யு.-145இல் கெட்டுப்போனது. உங்கள் மருந்து பி-53 வழியாக வேலை செய்கிறது என்று நினைக்கிறீர்களா? எல்.என்.கேப்பில் பலித்து பி.சி.-3இல் பலிக்காமல் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி கொன்றால் வேறு ஏதோ நடக்கிறது. இப்படி ஜோடி போட்டுப் பார்க்கும்போதுதான் செல் லைனுக்குப் பெறுமதி. செல்லின் நகர்வு, ஊடுருவல், எலும்பில் குடியேறுதல் ஆகிய சோதனைகளுக்கு பி.சி.-3 நல்ல உழைப்பாளி. ஆனால் அதன் நடத்தை சாதாரணப் புராஸ்டேட் சுரப்பிப் புற்றைவிட, அரிதாக வரும் நரம்பு-நாளமில்லா வகைச் சிறுசெல் புற்றை ஒத்திருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. கட்டுரையின் கடைசிப் பத்தியில் "ஆகவே புராஸ்டேட் புற்றுநோயில்..." என்று எழுதும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வி.கேப், 22ஆர்.வி.1, சி4-2

2005இல் ஒரு பெரிய விஷயம் தெரியவந்தது. புராஸ்டேட் புற்றுகளில் கிட்டத்தட்ட பாதியில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.-2 மரபணுவும் ஈ.ஆர்.ஜி. மரபணுவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முன்னது ஆண்ட்ரோஜனால் இயங்குவது. அதன் சுவிட்ச் போய் ஈ.ஆர்.ஜி.யின் முன்னால் உட்கார்ந்துவிட்டதால், ஆண்ட்ரோஜன் வந்தாலே ஈ.ஆர்.ஜி. பொங்குகிறது. இந்த இணைப்பைப் படிக்க வேண்டும் என்றால் வி.கேப்தான் கைக்கு எட்டும் செல். இறந்த நோயாளி ஒருவரின் முதுகெலும்பில் இருந்த புற்றை எடுத்து, எலியில் வளர்த்து, பிறகு பிளாஸ்க்குக்குக் கொண்டுவந்தது. ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணு இதில் பல படிகளாகப் பெருகியிருக்கிறது. வளர்ச்சி ஆமை வேகம். முதல் மாதம் "செத்துவிட்டது" என்று நீங்கள் மூன்று முறையாவது முடிவு கட்டுவீர்கள். குப்பையில் போடாதீர்கள், மீடியம் மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள்.

22ஆர்.வி.1 வேறு ஒரு கேள்விக்கு. இதில் முழு நீள ஆண்ட்ரோஜன் ஏற்பியோடு, வால் வெட்டுப்பட்ட ஏ.ஆர்.-வி7 வடிவமும் உண்டு. ஹார்மோன் பிடிக்கிற பகுதியே வெட்டுப்பட்டதால் ஏற்பியை அடைக்கும் மருந்தான என்சாலுட்டமைடு போய் உட்கார இடமில்லை, ஏற்பியோ தானாகவே இயங்குகிறது. மருந்து எதிர்ப்பைப் படிக்கத் தோதான செல்.

ஆனால் இந்தச் செல்லுக்குள் ஒரு விருந்தாளி இருக்கிறது: எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற ரெட்ரோவைரஸ். இந்தக் கதையைப் புதியவர்களுக்கு நான் கட்டாயம் சொல்வேன். 2006இல் புராஸ்டேட் புற்றுத் திசுக்களில் இந்த வைரஸைக் கண்டோம் என்று அறிவிப்பு வந்தது. 2009இல் நாட்பட்ட சோர்வு நோய்க்கும் இதுவே காரணமாகலாம் என்று இன்னொரு கட்டுரை. உலகமே பரபரத்தது. 2011இல் உண்மை வெளிவந்தது: 22ஆர்.வி.1இன் மூலக் கட்டியை எலிகளில் மாற்றி மாற்றி வளர்த்தபோது, எலியின் மரபணுத் தொகுதியில் கிடந்த இரண்டு வைரஸ் துண்டுகள் ஒன்று சேர்ந்து பிறந்ததுதான் இது. நோயாளிகளிடம் கண்டதாகச் சொன்னதெல்லாம் ஆய்வுக்கூட மாசு. 2009 கட்டுரை அந்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது.

இதில் உங்களுக்கான வேலை: 22ஆர்.வி.1ஐ அன்றைய கடைசி வேலையாக வையுங்கள். தனி மீடியம் பாட்டில், தனி ட்ரிப்சின். அந்த வைரஸ் பக்கத்துப் பிளாஸ்க்கில் இருக்கும் மனித செல்களுக்குத் தாவக்கூடியது. வி.கேப்பும் எலி வழியாக வந்தது, அதிலும் எலி ரெட்ரோவைரஸ் உண்டு, ஆகவே அதற்கும் இதே மரியாதை. இரண்டையும் இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு விதிகளோடு கையாளுங்கள்.

சி4-2 பற்றி ஒரு வார்த்தை. எல்.என்.கேப்பை மனித எலும்புத் திசுச் செல்களோடு சேர்த்து, விந்தகம் நீக்கிய எலிகளில் வளர்த்து எடுத்தது. ஆண்ட்ரோஜன் குறைவிலும் வளரும். தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்பதுதான் இதன் அழகு.

'இயல்பான' செல் வேண்டும் என்று ஆர்.டபிள்யூ.பி.ஈ.-1ஐத் தேடுவீர்கள். அது எச்.பி.வி.-18 வைரஸால் சாகாவரம் பெற்றது, சீரம் இல்லாத தனி மீடியத்தில் வளர்வது. சீரத்தில் வளர்ந்த எல்.என்.கேப்போடு அதை ஒப்பிட்டு வித்தியாசம் கண்டால், அது புற்றால் வந்ததா மீடியத்தால் வந்ததா என்று கேட்கும் முதல் ஆளாக நீங்களே இருங்கள்.

ஆண்ட்ரோஜன் சோதனையை நான் செய்யும் விதம்

எல்.என்.கேப்பைச் சாதாரண மீடியத்தில் போட்டு இரண்டு நாள் ஒட்ட விடுகிறேன். பிறகு ஃபீனால் ரெட் இல்லாத ஆர்.பி.எம்.ஐ.க்கு மாற்றுகிறேன். சிவப்பு நிறம் தரும் அந்தச் சாயத்துக்கு லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்று அறியப்பட்டிருக்கிறது. எந்தச் சாவிக்கும் திறக்கிற பூட்டு என்று சொன்னேனே, அதனால் இந்தச் செல்லில் அதை வைத்துக்கொண்டு சோதனை செய்ய எனக்கு மனம் வராது. சீரத்துக்குப் பதில் கரித்தூளால் ஸ்டீராய்டு உறிஞ்சப்பட்ட சீரம். இதில் இரண்டு மூன்று நாள் பட்டினி.

அதன் பிறகு நான்கு குழு: வெறும் கரைப்பான், ஆர்-1881 மட்டும், என்சாலுட்டமைடு மட்டும், இரண்டும் சேர்த்து. ஆர்-1881 என்பது செயற்கை ஆண்ட்ரோஜன், 1 நானோமோலார் போதும். என்சாலுட்டமைடு 10 மைக்ரோமோலார். ஒன்று எத்தனாலிலும் மற்றது டி.எம்.எஸ்.ஓ.விலும் கரைந்திருந்தால் நான்கு குழுவுக்கும் இரண்டு கரைப்பானும் ஒரே அளவில் போக வேண்டும். இதை மறந்துவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

24 மணி நேரத்தில் ஆர்.என்.ஏ. எடுத்து பி.எஸ்.ஏ.வின் மரபணுவான கே.எல்.கே.-3ஐயும், ஆண்ட்ரோஜனால் இயங்கும் இன்னொரு மரபணுவான எஃப்.கே.பி.பி.-5ஐயும் பாருங்கள். ஆண்ட்ரோஜனுக்கு இரண்டும் ஏற வேண்டும், என்சாலுட்டமைடு சேர்ந்தால் இறங்க வேண்டும். இது நடக்காவிட்டால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். சீரம் சரியில்லை, ஆர்-1881 பழசாகிவிட்டது, இல்லை உங்கள் செல் எல்.என்.கேப்பே இல்லை.

வளர்ச்சியை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எல்.என்.கேப் குறைந்த அளவு ஆண்ட்ரோஜனுக்கு வேகமாகப் பெருகும், அளவு கூடினால் பெருக்கம் மறுபடி இறங்கிவிடும். ஒரே ஓர் அளவை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "ஆண்ட்ரோஜன் வளர்ச்சியைக் குறைக்கிறது" என்று ஒருவர் கூட்டத்தில் அறிவித்ததைக் கேட்டிருக்கிறேன். 0.01 முதல் 10 நானோமோலார் வரை ஐந்தாறு அளவு வையுங்கள், மணி வடிவ வளைவு வரும். பி.எஸ்.ஏ. மட்டும் ஏறிக்கொண்டே போகும். பி.எஸ்.ஏ. ஏறுகிறது என்பதால் செல்லும் பெருகுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அந்த இரண்டு கோடுகளும் ஒரே தாளில் காட்டிவிடும்.

இது அதுதானா?

டி.எஸ்.யு.-பி.ஆர்.1 என்ற செல் லைனைப் புராஸ்டேட் செல் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார்கள். அது டி-24 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுச் செல். பி.பி.சி.-1 என்பது பி.சி.-3தான், பெயர் மட்டும் வேறு. 2001இல் இவை அம்பலமானபோது பலர் வருடக்கணக்கான உழைப்பை எழுதிக் கழிக்க வேண்டியிருந்தது.

என் கதையும் ஒன்று உண்டு. நண்பர் ஒருவர் அன்போடு கொடுத்த 'எல்.என்.கேப்' நன்றாக வளர்ந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் மிக நன்றாக, பாய் விரித்தாற்போல. அதுவே சந்தேகப்படப் போதுமானது. நானோ என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஆண்ட்ரோஜன் ஏற்பி வரவே இல்லை. எதிர்ப்புரதத்தைத் திட்டினேன், புதிது வாங்கினேன். செல்லின் டி.என்.ஏ. கைரேகையைப் பார்க்கும் எஸ்.டி.ஆர். சோதனைக்கு அனுப்பியபோது பி.சி.-3 என்று வந்தது. இரண்டு மாதம் போச்சு.

அதனால், செல் வந்த அன்றே எஸ்.டி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள், உறைய வைக்கும் முன் ஒரு முறை, கட்டுரை அனுப்பும் முன் ஒரு முறை. 80 சதவீதப் பொருத்தத்துக்கு மேல் இருந்தால் ஒரே மூலம் என்று கொள்வது வழக்கம். எல்.என்.கேப், டி.யு.-145, 22ஆர்.வி.1 மூன்றிலும் டி.என்.ஏ. பிழைதிருத்தும் அமைப்பு பழுதானது. அவற்றில் ஓரிரு இடம் நகர்ந்திருந்தால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம். அதே காரணத்தால் அவற்றை வெகுதூரம் பாசேஜ் பண்ணவும் (பிரித்துப் பிரித்து வளர்க்கவும்) கூடாது. ஒவ்வொரு பிரிப்பிலும் கொஞ்சம் மாறிக்கொண்டே போகும். நீண்ட நாள் வளர்த்த எல்.என்.கேப் ஆண்ட்ரோஜனைச் சார்ந்திருக்கும் குணத்தை இழப்பது தெரிந்த விஷயம்.

மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவுக்கான சோதனையை மாதம் ஒருமுறை பி.சி.ஆர். முறையில் செய்யுங்கள். அதற்குச் செல்சுவர் கிடையாது, பென்சிலின் ஒன்றும் செய்யாது. மீடியம் கலங்காது. நுண்ணோக்கியில் தெரியாது. செல்லின் நடத்தையை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடும்.

எத்தனை செல் லைன் போதும்?

ஏற்பி உள்ளவற்றில் இரண்டு, இல்லாததில் ஒன்று. இதற்குக் குறைந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. பிளாஸ்க்கில் ரத்த நாளம் கிடையாது, நோயெதிர்ப்புச் செல் கிடையாது, சுற்றுத்திசு கிடையாது. நான் பெயர் சொன்ன மூன்று பழைய லைன்களும் வெள்ளைக்கார ஆண்களிடமிருந்து வந்தவை. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களை இந்நோய் அதிகம் தாக்குகிறது, அவர்களிடமிருந்து வந்த எம்.டி.ஏ.-பி.சி.ஏ.-2பி போன்றவை விரல்விட்டு எண்ணும் அளவே. இதற்கு மேல் போக வேண்டுமானால், நோயாளியின் திசுவை முப்பரிமாணத்தில் வளர்க்கும் ஆர்கனாய்டு இருக்கிறது. 2014இல் முற்றிய நோயாளிகளின் திசுவிலிருந்து 7 ஆர்கனாய்டு லைன்களை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் அவற்றைத் தொடும் முன் எல்.என்.கேப்பை ஆறு மாதம் கைவிடாமல் வளர்த்துப் பழகுங்கள்.

சோதனை ஆரம்பிக்கும் முன் முதல் வேலை உறைய வைப்பது. குறைந்த பாசேஜிலேயே 20 குப்பி, 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ.வோடு, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிரவைத்து, மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு. குப்பியின் மேல் செல்லின் பெயர், பாசேஜ் எண், தேதி, உறைய வைத்தவர் பெயர், எல்லாம் அழியாத மையில். பாசேஜ் எண் இல்லாத குப்பி கையில் கிடைத்தால் நான் உருக்கிப் பார்ப்பதுகூட இல்லை. நேராகக் குப்பைக்கு.